கதவுக்கு ஓர் அர்ச்சனை

மாமாவின் கைப்பேசியில் ஒரு காணொளி இருந்தது. அதில் பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. ஆற்றின் நடுவே வீதி அகலத்துக்கு ஒரு காங்கிரீட் தொட்டி. அதற்குள் சரக்கு மிதவைகள் வரிசையாக வந்து நிற்கும். பின்னால் இரண்டு இரும்புக் கதவுகள் மெதுவாக மூடும். தொட்டித் தண்ணீர் இறங்க இறங்க மிதவைகளும் சுவரோரமாகச் சத்தமில்லாமல் கீழே இறங்கும். பிறகு முன்பக்கக் கதவு திறக்கும், மிதவைகள் தங்கள் வழியே போகும். அவ்வளவுதான் காணொளி. கல்யாண வீட்டுப் பந்தியில் இடம் கிடைக்கக் காத்திருக்கும்போதும் மாமா அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். "உங்க மாமாவுக்குப் புது சீரியல் கெடைச்சிருச்சு" என்று அத்தை சலித்துக்கொள்வார்.

அனுப்பியவள் நான்தான். போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் ஒரு கோழித்தீவன ஆலையின் கப்பல் பிரிவில் எனக்கு வேலை. பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலிருந்து காலையில் கொமுட்டர் ரயில் பிடித்துப் போய், உலகத்தின் மறுபக்கத்தில் அறுவடையாகும் சோயாவும் சோளமும் எங்கே வந்துகொண்டிருக்கின்றன என்று திரையில் தேடுவதுதான் அந்த வேலை. மாமா என் அம்மாவின் தம்பி. பல வருடம் லோரி ஓட்டியவர். நடுவில் பழச்சாறுக் கடை வைத்தார், அது போயிற்று. கார் கழுவும் கடை வைத்தார், அதுவும் போயிற்று. கடைசியில் ஜெஞ்சாரோமுக்கு வெளியே, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் குத்தகை நிலத்தில் கோழிக் கொட்டகை போட்டார். இதுவும் கையை விட்டுப் போனால் வாய் திறக்காமல் லோரிக்கே திரும்பிவிடுவதாக அத்தையிடம் சத்தியம் செய்திருந்தார். ஆனால் இது போகாது என்றுதான் தோன்றியது. கோழிகளுக்கும் அவருக்கும் ஒத்துப்போனது. லோரியில் இருந்த காலத்தில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாதவர், கொட்டகையில் நின்று கோழிகளிடம் அரசியல் பேசுவார். எங்கள் ஆலையிலிருந்துதான் அவருக்குத் தீனி போகும்.

அந்த வருடம் அறுவடைச் சமயத்தில், உலகத்தின் அந்த மறுபக்கத்தில் எங்கள் சரக்கு வரும் ஆற்றில் ஒரு கதவு உடைந்துவிட்டது. அலுவலகத்தில் எல்லோரும் கிடங்குக் கணக்கை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஞாயிற்றுக்கிழமை பண்ணைக்குப் போனபோது மாமாவிடம் சொன்னேன்.

"ஆத்துக்கு எதுக்கு பாப்பா கதவு? ஆறுன்னா ஓடணும்லா" என்றார்.

ஆறு தன் இஷ்டத்துக்கு ஓடினால் சில இடங்களில் முழங்கால் அளவுதான் தண்ணீர் நிற்கும், சரக்கு ஏற்றிய மிதவை தரை தட்டிவிடும் என்று விளக்கினேன். அதனால் அங்கங்கே அணை கட்டித் தண்ணீரைத் தேக்குகிறார்கள். தேக்கினால் ஆழம் கிடைக்கும். ஆனால் ஆறு பத்துமலைப் படிக்கட்டைப் போலப் படிப்படியாகிவிடும். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு மிதவையை இறக்கிவிடுவதற்குத்தான் அந்தத் தொட்டியும் கதவுகளும். ஒரு விசைப்படகு தள்ளிக்கொண்டு போகும் மிதவைகளின் சரக்கை லோரியில் ஏற்றினால், லோரி வரிசைக்கு முடிவே இருக்காது. ஒரு கதவு மூடிக்கொண்டால் மேலே உள்ள அத்தனை மிதவைகளும் நிற்கவேண்டியதுதான்.

மாமா எழுந்து போய், வேலியோரக் கால்வாயில் செருகியிருந்த பலகையைக் காட்டினார். "அப்ப இதே கதைதான்." அந்தப் பலகையின் கதை எனக்குத் தெரியும். கடல் ஏறும் நேரத்தில் அதைத் திறந்து வைத்தால் பக்கத்துப் பண்ணைக்குள் உப்புத்தண்ணீர் வரும். மழையில் மூடி வைத்தால் மாமாவின் பக்கம் குளமாகும். பக்கத்துப் பண்ணைக்காரர் ஒரு சீன அம்மாள். நாங்கள் ஆன்டி என்போம். அந்தப் பலகையை வைத்து இருவருக்கும் நடந்த சண்டையில் பேச்சுவார்த்தையே நின்றுபோயிருந்தது. ஆன்டி பலகையை இறக்குவார், மாமா போய் ஏற்றுவார், ஆன்டியின் நாய்கள் குரைக்கும். இப்படியே காலம் போய்க்கொண்டிருந்தது.

அன்றிரவுதான் அந்தக் காணொளியை அவருக்கு அனுப்பினேன். அன்றிலிருந்து தினமும் போன் வரும். "கதவு தொறந்துட்டானா?" இல்லை மாமா, பழுது பார்க்கிறார்கள் என்பேன். ஒரு நாள் வேறு மாதிரிக் கேட்டார்: "வரிசையில நிக்கிறானுங்களே படகுக்காரனுங்க, சாப்பாட்டுக்கு என்னா பண்ணுவானுங்க?" எனக்குத் தெரியவில்லை. எத்தனை டன் நிற்கிறது என்று எங்களுக்குத் தெரியும். யார் நிற்கிறார்கள் என்று நாங்கள் கேட்டதில்லை.

வேறு நாட்டில் வாங்கிக்கொள்ளலாமே என்பார்கள். அங்கே அறுவடை முடிந்து மாதங்கள் ஆகியிருந்தன, மிச்சம் இருந்ததற்கு ஊரே போட்டி போட்டது. ஆலையின் கிடங்கு காலியாகிக்கொண்டே வந்தது. கடைசியில், கப்பல் வந்து சேரும்வரை எல்லாப் பண்ணைகளுக்கும் வழக்கத்தில் பாதித் தீனிதான் என்று நிர்வாகம் முடிவு செய்தது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் பாதித் தீனியில் கோழி சாகாது, வளரவும் வளராது. தின்பது தின்றபடி இருக்கும், எடை மட்டும் ஏறாது. மாமாவின் கோழிகள் விற்பனைக்குத் தயாராக இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. வெண்ணெய் திரளும் நேரத்தில் தாழி உடைந்த கதைதான்.

அத்தை என்னிடம் கேட்டார். "நீ அங்கதானே வேலை செய்ற? ஒரு வார்த்தை சொல்லிப் பாரேன்." மாமா குறுக்கே வந்து அவரை அதட்டினார். "அவ வேலைக்கு உலை வைக்காத. அவ சொன்னா வேற ஒருத்தனுக்குக் கொறையும், அவ்ளோதான்." அவர் கேட்டிருந்தால் நான் சொல்லிப் பார்த்திருப்பேன். அதனால்தான் அவர் கேட்கவில்லை என்று நினைக்கிறேன்.

அடுத்த வாரம் மாமா வேலியைத் தாண்டிப் போனார். நாய்கள் குரைத்தன, நானும் பின்னாலேயே போனேன். ஆன்டி எங்களைத் தன் கொட்டகைக்குள் கூட்டிப்போனார். அங்கே மஞ்சள் நிறம்கூட மாறாத குஞ்சுகள். ஆன்டி இரண்டு கைகளையும் விரித்து, "அயாம் கெச்சில் லாகி" என்று மலாயில் சொன்னார். கோழி இன்னும் சின்னது என்பதற்கு மேல் அவருக்குச் சொல்ல எதுவும் இல்லை. அந்தக் குஞ்சுகளை விற்கவும் முடியாது, பாதித் தீனியில் வளர்க்கவும் முடியாது.

மாமா திரும்பி வந்து கால்வாய் ஓரம் உட்கார்ந்தார். பிறகு அத்தையிடம் சொன்னார். "ரெண்டு பாதியும் ரெண்டு பக்கம் கெடந்தா ரெண்டு பேரும் முங்கிப் போவோம். என் கோழிய இப்பவே வித்தா யாராச்சும் வாங்குவான். நம்ம பாதிய அவங்களுக்கு எறக்கிட்டா அவங்க கோழியாச்சும் பொழைக்கும்."

"தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும்னு சொல்லுவாங்க. உங்களுக்கு என்னாங்க மிஞ்சியிருக்கு?" என்று அத்தை கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. லோரிக்குத் திரும்பும் அந்தச் சத்தியம் அவருக்கு நினைவிருந்தது, மாமாவுக்கும் நினைவிருந்தது. தீனி லோரி வந்தபோது மாமா பக்கத்துக் கேட்டைக் கைகாட்டினார்.

கோழிகளைப் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் பொரித்து விற்பவர்கள் வந்து வாங்கிப் போனார்கள். எடை குறைவு, விலையும் அப்படியே. கூண்டுகளை ஏற்றும் நேரத்தில் நானும் அங்கே இருந்தேன். மாமா கடைசிக் கூண்டுவரை தானே தூக்கி வைத்தார், யாரையும் தொட விடவில்லை. லோரி கிளம்பியதும் கொட்டகையைக் கூட்டிப் பெருக்கி, விளக்கை அணைத்தார். எங்கள் குடும்பத்தில் வருத்தத்தையெல்லாம் சொல்லிக்கொள்ள மாட்டோம். "டீ குடிக்கலாம் வா" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை மாமா என்னையும் அத்தையையும் கிள்ளானில் உள்ள கோயிலுக்குக் கூட்டிப்போனார். அடுத்த வாரமே லோரி வேலைக்குப் போகப்போகிறார், அதற்காக ஓர் அர்ச்சனை செய்யத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு, யார் பெயருக்கு என்று கேட்டார்.

"ஒரு கதவு பேருக்கு, சாமி."

"கதவா? வீட்டுக் கதவா?"

"ஆத்துக் கதவு. தூரத்துல இருக்கு. ஒடைஞ்சு கெடக்கு, படகெல்லாம் நிக்குது."

குருக்கள் என்னைப் பார்த்தார். நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை கோபுரத்தைப் பார்த்தார். குருக்கள் பொறுமையானவர். "சரி, நட்சத்திரம்?" என்றார்.

மாமா என் பக்கம் திரும்பினார். "பாப்பா, அது என்னிக்கு ஒடைஞ்சிச்சு?" நான் தேதியைச் சொன்னேன். "அன்னிக்கு என்னா நட்சத்திரமோ அதையே போடுங்க, சாமி." குருக்கள் சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் புரட்டிப் பார்த்து, சுவாதி என்றார். பிறகு சிரிக்காமல், ஒரு சொல்லும் விடாமல், முழு அர்ச்சனையும் செய்தார்.

வெளியே செருப்பு மாட்டும்போது என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "மாமா, இனிமே அது தொறந்தா உங்களுக்கு என்னா? கொட்டகைதான் காலியாயிருச்சே."

"எனக்கு ஒண்ணும் இல்லதான்" என்றார். "அதுக்காக அது மூடியே கெடக்கணுமா?"

கதவு பிறகு திறந்தது. கப்பலும் வந்தது. ஆன்டியின் கோழிகள் நல்ல எடையில் போயின. மாமா எங்கள் ஆலையிலேயே தீனி லோரி ஓட்டினார், கடைசிவரை. கொட்டகை திரும்ப நிறையவே இல்லை. போன வருடம் அவர் இறந்தபோது ஆன்டி முதல் ஆளாக வந்து, கடைசி ஆளாகப் போனார்.

நேற்று அலுவலகத்துக்கு ஓர் அறிவிப்பு வந்தது. அதே ஆற்றில், வேறோர் இடத்தில், கதவு பழுது பார்ப்பதற்காக மூடப்படுகிறதாம். மேலாளர் எத்தனை டன் நிற்கும் என்று கேட்டார், சொன்னேன். அவர் போனதும், மாமா இருந்தால் இந்நேரம் போன் வந்திருக்கும் என்று நினைத்து அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கதவு மூடும் தேதிக்கு என்ன நட்சத்திரம் என்று பார்த்து வைத்தேன். இன்று வெள்ளிக்கிழமை.