கீழே இறக்கிய பிராக்கெட்

புரோகிராம் எழுதுகிறவர்களில் இரண்டு கட்சி உண்டு. நெளிந்த பிராக்கெட்டை வரியின் கடைசியிலேயே திறப்பவர்கள் ஒரு கட்சி. அடுத்த வரிக்கு இறக்கித் தனியாகத் திறப்பவர்கள் இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சியில் பழைய உறுப்பினன்.

புதுக்கோட்டையில் எங்கள் அலுவலகத்தில் மொத்தம் நாலு பேர். எதிர் மேஜைப் பெண் வல்லத்திராக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வருவார். குழந்தைக்காக ஐந்து வருடம் வீட்டில் இருந்துவிட்டுத் தற்காலிக வேலையில் சேர்ந்திருந்தார். ஒரு கல்யாண மண்டபத்துக்கு அவர் செய்த புக்கிங் திரை திங்கட்கிழமை தேறினால் வேலை நிரந்தரம் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

அவர் எதிர்க்கட்சி. "இடம் மிச்சமாகுதுல்லண்ணே" என்பார்.

"மிச்சம் பண்ணி என்ன, பிளாட்டு போடப் போறீங்களா?" என்பேன்.

சனிக்கிழமை அவர் பஸ்ஸுக்குக் கிளம்பியதும் எனக்குக் கை துறுதுறுத்தது. அவருடைய ஃபைலைத் திறந்து அத்தனை பிராக்கெட்டையும் கீழே இறக்கினேன். பார்க்க லட்சணமாக இருந்தது. ஓட்டிப் பார்க்கவில்லை, தலைவாரி விட்டதற்கெல்லாம் பரீட்சை வைப்பார்களா என்ன?

திங்கட்கிழமை மண்டபக்காரர் வந்து தை மாதத்தைத் தட்டினார். வெறும் வெள்ளைத் திரை.

"என்னங்க, தையில முகூர்த்தமே இல்லையா?" என்றார்.

முதலாளி அந்தப் பெண்ணைப் பார்த்தார். "சனிக்கிழமை நல்லா வந்துச்சு சார்" என்று மட்டும் சொன்னார் அவர்.

எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் எழுதும் கணினி மொழியில் ஓரிடத்தில் மட்டும் என் கட்சி செல்லாது. 'ரிட்டர்ன்', அதாவது 'விடையைக் கொண்டு வா', என்று எழுதினால் பிராக்கெட்டையும் அதே வரியில் திறக்க வேண்டும். அடுத்த வரிக்கு இறக்கினால், பேச்சு முடிந்தது என்று அது வெறுங்கையோடு திரும்பிவிடும். பதினான்கு வருடமாக எனக்குத் தெரிந்த விஷயம்தான். கொள்கை வேகத்தில் மறந்துவிட்டேன்.

பேசாமல் இருந்துவிடலாமா என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன். இப்போது சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

"அவுங்க மேல தப்பில்ல சார். நல்லா இருந்தத அழகு பண்ணுறேன்னு நான்தான் கெடுத்துட்டேன்" என்று எழுந்தேன். அந்த ஒரு பிராக்கெட்டை மேலே ஏற்றியதும் தை மாதத் தேதிகள் எல்லாம் வந்து நின்றன. வேலையும் நிரந்தரமானது.

மறுநாள் அந்தப் பெண்ணின் ஃபைலைத் திறந்தேன். எல்லாவற்றையும் தன் வழிக்குத் திருப்பியிருப்பார், திருப்பட்டும் என்றுதான் நினைத்தேன். திருப்பவில்லை. நான் இறக்கியவை இறக்கிய இடத்திலேயே இருந்தன. மேலே ஏறிய அந்த ஒன்றுக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு குறிப்பு எழுதியிருந்தார்:

"இத மட்டும் அழகு பண்ணாதீங்கண்ணே."