கூரைமேல் நின்றது யார்

ரன்வெய்க்குக்குக் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரே தலைவலிதான். புருஷன் சிக்வால்திக்குக் கோபம் வந்தால் வாய் பூட்டிக்கொள்ளும். கத்தமாட்டான், அடிக்கமாட்டான். பேசமாட்டான், அவ்வளவுதான். ஐஸ்லாந்தின் வடக்கே, குளிர்காலம் முழுக்க ஒரே அறையில் அடைந்து கிடக்கிற வீட்டில் இப்படி ஒருவன் இருந்தால் மற்றவர்கள் பாடு என்ன ஆகும்? அவள் மாட்டிடம் பேசப் பழகிக்கொண்டாள்.

அந்த வருஷம் கோபத்துக்குக் காரணம் கூரை. கோடையில் படுக்கைக் கூடத்துக்குப் புதுக்கூரை போட்டது சிக்வால்திதான். கடல் ஒதுக்கிய மரத்தில் உத்தரம், அதன்மேல் சுள்ளி மிலாறு, அதற்கும் மேல் சதுப்பிலிருந்து வேரோடு வெட்டிய புல்கட்டி. எல்லாம் சரி, ஆனால் மரம் பற்றாமல் சரிவைக் குறைத்துவிட்டான். புல்கூரை சரிவாக இருந்தால்தானே தண்ணீர் ஓடும்? இது குடித்தது. குடித்ததைச் சொட்டு சொட்டாக ரன்வெய்க்கின் தலையணையில் விட்டது. அவள் அங்கே ஒரு சட்டியை வைத்துவிட்டு, சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"எங்கப்பா வீட்டுல மழை வெளியிலதாங்க பெய்யும்" என்றாள்.

அன்றைக்குப் பூட்டிய வாய்தான். சில நாள் கழித்து, பனி கொட்டும்போலிருந்த ஒரு காலையில், மேய்ச்சலில் நின்ற ஆடுகளை ஓட்டிவர அவன் கிளம்பினான். அப்போதும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பகல் சாப்பாடு முடிந்த கொஞ்ச நேரத்திலேயே இருட்டிவிடும் மாதம் அது. ஆடுகள் தாமாகவே வந்து சேர்ந்தன. அவன் வரவில்லை. பனி வாசலை மூடி, சுவரை மூடி, வீடு எது மேடு எது என்று தெரியாமல் பண்ணிவிட்டது.

ரன்வெய்க்கும் வேலைக்காரி குன்வோரும் மீனெண்ணெய் விளக்கடியில் கம்பளி சிக்கெடுத்துக்கொண்டிருந்தபோது, கூரைமேல் தொம்மென்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு நடை. நடை நேராக அவள் படுக்கைக்கு மேலே, கூரையில் தோல் இழுத்துக் கட்டியிருந்த சின்ன ஜன்னலருகே வந்து நின்றது.

இருட்டிய பிறகு வருகிறவர் யாரானாலும் கதவைத் தட்டக்கூடாது. கூரைமேல் ஏறி, ஜன்னலில் வாய் வைத்து, "கடவுள் இங்கே இருக்கட்டும்" என்று சொல்லவேண்டும். உள்ளே இருப்பவர் "கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும்" என்று சொன்ன பிறகுதான் கதவு திறக்கும். பேயின் நாக்கில் கடவுள் பெயர் வராது. அந்த ஊரில் குழந்தைக்குக்கூட இது தெரியும்.

இருவரும் காத்திருந்தார்கள். மேலே இருந்தது பேசவில்லை.

"அக்கா, இது அதுதான்" என்றாள் குன்வோர், பேய் என்ற சொல்லை வாயில் எடுக்காமல். "போன மாசம் கடல்ல மூழ்கிப் போனவன் உடம்பே கிடைக்கலை, தெரியுமில்ல?"

ரன்வெய்க்குக்குக் குழப்பம் தலைக்கேறியது. வேறு யாராவது பேசாமல் நின்றால் பேய் என்று தீர்மானித்துவிடலாம். இவள் புருஷன் பேசாமல் இருப்பது புதிதா? சாகக் கிடந்தாலும் வீம்பு பிடிக்கிற ஆள்தான். திறந்து அது பேயாக இருந்தால் இரண்டு பேர் கதையும் முடிந்தது. திறக்காமல் அது அவனாக இருந்தால் விடிவதற்குள் விறைத்துப் போவான். அவளுக்குப் பயமாக இருந்தது. பயத்தைவிட அதிகமாக எரிச்சலாக இருந்தது.

கட்டில்மேல் ஏறி நின்று கத்தினாள். "நான் சொன்னது தப்புதாங்க! கூரை ஒழுகவே இல்ல!"

சட்டியில் ஒரு சொட்டு விழுந்தது.

குன்வோர் அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். "பாத்தீங்களா? மன்னிப்புக் கேட்டும் வாயைத் திறக்கலை. நம்ம ஐயாவா இருந்தா இதுக்குள்ள சிரிச்சிருப்பாரு. இது அவரு இல்லவே இல்ல."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. மன்னிப்புக் கேட்டதே வினையாகிவிட்டதே என்று ரன்வெய்க்குக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அவரு இல்லன்னா இவ்வளவு நேரம் என் தலைக்கு மேல நிக்கிறதுக்கு வேற யாருக்குடி பொறுமை இருக்கு?" என்று சொல்லிவிட்டு, ஜன்னல் தோலைக் குத்திக் கிழித்துக் கையை வெளியே நீட்டினாள்.

கையில் ஏதோ ரோமம் பட்டது, பனிக்கட்டி ஒட்டிய ரோமம். ஐயோ, இது கிடா போலிருக்கிறதே, கிடாயிடமா மன்னிப்புக் கேட்டோம் என்று ஒரு கணம் நினைத்தாள். அப்போது விரலில் மூச்சு பட்டது. பேய்க்கு மூச்சு கிடையாது. அடுத்து ஒரு கம்பளிக் கையுறை அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. கிடாய்க்குக் கை கிடையாது.

இரண்டு பெண்களும் வாசல் பனியை மண்வெட்டியால் குடைந்து அவனை உள்ளே இழுத்துப் போட்டார்கள். தாடி சட்டைக் காலரோடு உறைந்து ஒட்டிப்போயிருந்தது. சூடான பாலை ஊற்றி ஊற்றி உருக்கினார்கள். இரண்டு கால்விரல் போயிற்று, உயிர் தங்கியது.

கேள்வியும் தங்கிவிட்டது. வாய் உறைந்ததால் பேசவில்லையா, வீம்பால் பேசவில்லையா? முதல் வருஷம் கேட்டபோது, "தாடி உறைஞ்சுபோச்சு, எப்படிப் பேசுறது?" என்றான். வேறொரு சண்டையில், "ஆமா, வீம்புதான். என்ன இப்போ?" என்றான். ரன்வெய்க் நாலு பிள்ளை பெற்றாள், கூரையை இன்னும் சரிவாகப் பிரித்துப் போடவைத்தாள், தலை நரைத்தாள். கேட்பதை மட்டும் விடவில்லை.

கடைசியாக ஒரு குளிர்காலத்தில், இருவரும் பின்னிக்கொண்டிருந்தபோது கேட்டாள். சிக்வால்தி அந்த வரிசையைப் பின்னி முடித்துவிட்டுச் சொன்னான்.

"எனக்கே தெரியலை, ரன்வெய்க். வாயைத் திறக்கப் பாத்தேன்னுதான் நினைக்கிறேன். ஆனா நீ மன்னிப்புக் கேட்டது காதுல விழுந்துச்சு. இன்னொரு தடவை கேப்பியான்னு காத்துக்கிட்டு இருந்தேனோ என்னவோ."

ரன்வெய்க் பின்னலை மடியில் வைத்தாள். அதற்குப் பிறகு பனி உருகும்வரை அந்த வீட்டில் பேசாமல் இருந்தது அவள்தான்.