நீலக் கட்டம் போட்ட லுங்கி

தென்னூரில் பழைய புடவைகளை அடுக்கிக் குழந்தைகளுக்கு விரிப்பு தைத்துக் கொடுப்பாள் விஜயராணி. அவளுக்குப் பிள்ளை கிடையாது. புருஷன் அழகிரி செத்து ஒரு வருஷம் ஆகிறது. அவருடையது என்று வைத்திருந்த ஒரே லுங்கியை அன்று காணோம். வீட்டையே புரட்டிய பிறகுதான் உறைத்தது, பக்கத்துத் தெரு மணிமேகலை தன் குழந்தைக்கு விரிப்பு தைக்கக் கொடுத்த துணிகளோடு அதையும் சேர்த்துத் தைத்துவிட்டோம் என்று.

அவள் வீட்டுக்கு ஓட்டமாகப் போனாள். அந்த நீலக் கட்டத்தின்மேல் கன்னத்தை வைத்து மணிமேகலையின் கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. செத்தவர் துணி என்று தெரிந்தால் விரிப்பையே தூக்கி எறிந்துவிடுவார்கள்.

"என்னக்கா, திடீர்னு?"

"ஒண்ணுமில்லம்மா. தையல் பிரிஞ்சிருக்கான்னு பார்க்க வந்தேன்."

வீட்டுக்கு வந்து, சுவரிலிருந்த அழகிரியின் படத்தை முறைத்தாள்.

"உங்களுக்கு மட்டும் ஒரு பிள்ளை கிடைச்சிருச்சு, இல்ல?"