ஆறிப்போன இட்லி

சங்கு குளிக்கிறவர்கள் வெறும் வயிற்றோடுதான் கடலில் இறங்குவார்கள். அதனால் சங்கு குளிக்கும் அண்ணாச்சிக்குக் காலைப் பலகாரம் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். மாதா கோயில் பூசை முடிந்ததும் கடற்கரைச் சாலைக் காப்பி கிளப்பில் என் எதிரே வந்து உட்காருவார். உப்பேறிச் சிவந்த கண்கள். முதல் இட்லியைத் தொடுமுன் கண்ணை மூடி, மூச்சை ஆழமாக இழுத்துக்கொள்வார்.

யுத்த காலம், ஆளுக்கு நாலு இட்லிதான். ஒரு ஞாயிறு அவரைக் காணவில்லை. முந்தின நாள் முங்கியவர்களில் ஒருவர் மேலே வரவில்லை என்று கிளப்பில் பேசிக்கொண்டார்கள். எனக்கு இலையில் கைவைக்க மனம் வரவில்லை.

வெகுநேரம் கழித்து வந்தார்.

"நீங்கதானோன்னு பயந்துட்டேன், அண்ணாச்சி."

"நாந்தான் தம்பி. கயிறு கால்ல சுத்திக்கிட்டுது, அறுத்துட்டு மேல வர நேரமாயிப்போச்சு. ஆளு போயிட்டான்னுதான் நானும் நெனச்சேன்."

என் இலையைப் பார்த்தார். "ஆறிப்போச்சே. இங்கன தள்ளுங்க."

அன்று அவர் மூச்சை இழுக்கவில்லை. பேசிக்கொண்டே தன் நாலு, என் நாலு, எட்டையும் தின்றார். அதற்குப் பிறகுதான் எனக்குப் பசித்தது. கிளப்பில் இட்லி தீர்ந்திருந்தது. வெறும் வயிற்றோடு சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன்.