பாலத்தடியில், மூன்று நாற்பதுக்கு

பேய் என்றால் நடுராத்திரி, நாய் ஊளை, அணைந்துபோகும் விளக்கு என்று எதிர்பார்ப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். எனக்கு நடந்தது பட்டப்பகலில். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. கதை கட்டும் அளவுக்கு எனக்குத் தெம்பு இல்லை.

ரயில் பாலத்துக்கு அடியில் வரிசையாகப் பதினோரு வளைவுகள். ஒவ்வொன்றையும் சுவர் வைத்து அடைத்துக் கடையாக விட்டிருந்தார்கள். டயர், பெயிண்ட், பழைய அட்டைப்பெட்டி, சோபா தையல்... எதெல்லாம் சட்டென்று பற்றிக்கொள்ளுமோ அதெல்லாம் அங்கே இருந்தது. மேலே ரயில் போகும், கீழே நாங்கள் பிழைப்போம். முன்னால் தெருப்பக்கம் ஷட்டர். பின்னால் சந்துக்குப் போக ஒரு சின்ன இரும்புக் கதவு.

மூன்றாவது வளைவில் என் வீட்டுக்காரர் ஃபோம் வெட்டுவார், நான் உறை தைப்பேன். பாலத்தடி வேலையில் ஒரு பழக்கம் உண்டு. ரயில் வந்தால் கையை நிறுத்திவிட வேண்டும். தரை அதிரும், கத்தி இழுத்துவிடும், தையல் கோணிவிடும். மெஷின் சத்தத்தில் எனக்கு ரயில் கேட்காது. அவர் வந்து மணிக்கட்டில் இரண்டு தட்டு தட்டுவார். டக்... டக். நான் மிதியிலிருந்து காலை எடுப்பேன். "செவிட்டு மகாராணி" என்று கேலி செய்துவிட்டுப் போவார்.

அந்த அதிர்வில் பின்கதவுத் தாழ்ப்பாளும் நழுவிவிடும். கதவு திறந்துகொள்ளும். காற்றடித்து, தைத்து வைத்த உறையெல்லாம் ஃபோம் தூள் அப்பும். நாளுக்குப் பத்துத் தடவை எழுந்துபோய் யார் சாத்துவது? ஒருநாள் பொறுமை போய்விட்டது. தாழ்ப்பாளையும் வளையத்தையும் சேர்த்துக் கம்பி போட்டு முறுக்கினேன். குறடு வைத்து, இறுக்கி, ஏழு சுற்று. நான்தான் கட்டினேன். அவர்கூட, "அப்பாடா, இனி நிம்மதி" என்றார்.

நான்காம் நாள் நான் நூல் வாங்கப் போயிருந்தேன். 3:40 சரக்கு ரயில் பாலத்தில் ஏறும்போது உள்ளே தீப்பிடித்தது என்றார்கள். முன்பக்கம் முழுக்க ஃபோம். அவர் பின்கதவுக்கு ஓடியிருக்கிறார். அவ்வளவுதான். கம்பியைக் கட்டியது யார் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அழவும் இல்லை. சாப்பிடு என்றால் சாப்பிட்டேன், படு என்றால் படுத்தேன். ஒன்றரை மாதம் கழித்து அண்ணி வந்தாள். அவருடைய அக்கா. ஒன்பதாவது வளைவில் அவளும் சோபா வேலைதான் செய்கிறாள்.

"வீட்ல உக்காந்து சுவத்தையே பாத்துட்டிருந்தா பைத்தியம் பிடிச்சிடும். கிளம்பு" என்றாள்.

கிளம்பினேன். அன்று திங்கட்கிழமை. போன உடனே முதலாளி பின்கதவைக் காட்டினார். "ஓயாம திறந்துக்குதும்மா. ஒரு கம்பி போட்டுக் கட்டிடு."

கட்டினேன். எப்படி மனசு வந்தது என்று கேட்காதீர்கள். மனசு என்று ஒன்று இருந்தால்தானே. கை தானாகக் கட்டியது. எண்ணிப் பார்த்தேன். ஏழு சுற்று.

சுவர்க் கடிகாரம் என் மெஷினுக்கு நேர் எதிரே இருந்தது. அன்று மத்தியானம் சரியாக 3:40. தரை அதிர்ந்தது. சரக்கு ரயில். கனமாக, மெதுவாக, பெட்டி மேல் பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. நான் காலை எடுத்தேன். அண்ணி பட்டன் வைத்துத் தைத்துக்கொண்டே இருந்தாள். முதலாளியும் கத்தியை நிறுத்தவில்லை.

"என்ன, தூங்கிட்டியா?" என்றாள் அண்ணி.

"ரயில் போகுதே."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். குனிந்து அடுத்த பட்டனை எடுத்தாள்.

3:42க்கு ரயில் சத்தம் நின்றது. பின்கதவுப் பக்கம் மெல்லிதாக ஒரு சத்தம். கிர்ர்ர்...

போய்ப் பார்த்தேன். கம்பியில் ஆறு சுற்றுதான் இருந்தது. அதிர்வில் பிரிந்திருக்கும் என்று வந்து உட்கார்ந்தேன்.

செவ்வாய், 3:40. ரயில். ஐந்து சுற்று.

"அண்ணி, கம்பியத் தொட்டியா?"

"அதை நான் ஏன் தொடப்போறேன்?"

புதன்கிழமை நான்கு. அன்று குறடு எடுத்து மறுபடி ஏழாக முறுக்கினேன். வியாழன் 3:42க்குப் போய்ப் பார்த்தேன். மூன்று.

குறட்டில் முறுக்கினால் குறடு வைத்துத்தான் பிரிக்க முடியும். இது விரலால் பிரித்தது. கம்பி கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து நெளிந்திருந்தது. தொட்டேன். சூடாக இருந்தது.

பயந்தேனா? இல்லை. அதுதான் உண்மை. பயப்படுவதற்கும் ஒரு தெம்பு வேண்டும். மறுபடி முறுக்கவில்லை, அவ்வளவுதான்.

வெள்ளி, இரண்டு.

சனி... ஒன்று.

ஞாயிறு கடை இல்லை.

திங்கட்கிழமை 3:36க்குத் தின்னர் நாற்றம் வந்தது. பக்கத்து எட்டாவது வளைவு பெயிண்ட் கடை. இது தினமும் வரும் நாற்றம்தான். யாரும் தலை நிமிரவில்லை.

3:37. டப் என்று ஒரு சத்தம்.

பிறகு இன்னொன்று. பெரிதாக.

ஷட்டருக்கு வெளியே தீ ஆளுயரத்துக்கு எழுந்தது. வாசலோரம் நின்ற முதலாளி தெருவுக்குத் தாவிவிட்டார். அவர் நின்ற இடத்தில் அடுக்கியிருந்த ஃபோம் பற்றிக்கொண்டது.

விளக்கு போனது. கறுப்புப் புகை கூரையிலிருந்து இறங்கியது.

"பின்னாடி... பின்னாடி போ" என்றாள் அண்ணி. என் சேலையைப் பிடித்துக்கொண்டு இருமினாள்.

சுவரைத் தடவிக்கொண்டு போனேன். கதவு. தாழ்ப்பாள். கம்பி.

ஒரு சுற்று.

பிரித்தால் திறந்துவிடும். ஆனால் நான் நின்றேன். பொய் சொல்லமாட்டேன். இங்கேயே நின்றுவிடலாம் என்று தோன்றியது. அவரும் இப்படித்தானே நின்றிருப்பார். என்னால்தானே.

பின்னால் அண்ணியின் இருமல் மெலிந்துகொண்டே வந்தது.

தரை அதிர்ந்தது.

3:40 ரயில்.

அப்போது...

என் மணிக்கட்டில்...

டக்.

டக்.

சின்ன வயதுப் பழக்கம் மாதிரி என் கை அசைந்தது. கம்பியைப் பிரித்தேன். கதவைத் தள்ளினேன். அண்ணியை இழுத்துக்கொண்டு சந்தில் விழுந்தேன்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்கு ஒரு தீயணைப்பு அதிகாரி வந்தார். போன தீயை விசாரித்ததும் அவர்தானாம். அண்ணி பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தாள். நடந்ததை எல்லாம் சொன்னேன், மணிக்கட்டைத் தவிர. அவர் எழுதிக்கொண்டே வந்து நிறுத்தினார்.

"3:40 சரக்கு ரயில்னு சொல்றீங்க. போன தீயில பாலத்துக் கல்லு வெடிச்சிடுச்சும்மா. அன்னையிலேர்ந்து அந்தப் பாலத்துல சரக்கு ரயிலே விடறதில்ல. மத்தியானம் ரெண்டுலேர்ந்து அஞ்சு வரைக்கும் எந்த ரயிலும் கிடையாது."

அண்ணியைப் பார்த்தேன். "உனக்குத் தெரியுமா?"

"தெரியும். நீ தினம் காலை எடுத்துட்டு மேல பாத்துட்டிருப்ப. அதைச் சொல்லி உன்னை என்ன பண்ண?"

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது. "அண்ணி, அங்க அந்தக் கம்பிய நான்தான் கட்டினேன். அவர் சாவுக்கு நான்தான் காரணம்."

அவள் போர்வையை விலக்கினாள். பிறகு கட்டிலைவிட்டு மெதுவாக எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், நானும் விடவில்லை.

அதிகாரி கோப்பைப் பின்னால் புரட்டினார். ஒரு பழைய படத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"கதவைத் திறக்கும்போது நீங்க எத்தனை சுத்து பிரிச்சீங்க?"

"ஒண்ணு."

அவர் அந்தப் படத்தை எங்களிடம் காட்டவில்லை. கோப்புக்குள் வைத்து மூடினார்.

"அங்கயும் ஏழு சுத்துதான்மா. தாழ்ப்பாள்ல கம்பி நெளிநெளியாத் தொங்கிட்டிருந்தது. உங்க வீட்டுக்காரர் விரலாலேயே ஆறு சுத்து பிரிச்சிருக்கார்..." கோப்பை மடியில் வைத்துக்கொண்டார். "ஒண்ணுதான் பாக்கி."