மீட்டரில் பூத்த தாமரை

பலவேசத்துக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது இலத்தூரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அறுபத்திரண்டாம் வருஷம் வந்த கோபத்தில் நியாயம் முழுக்க அவர் பக்கம்தான் இருந்தது. அதை அவர் பெண்டாட்டி மூக்கம்மாளே ஒத்துக்கொண்டாள், அதுவும் கூடப்பிறந்த தம்பிக்கு எதிராக.

கொழும்பில் ஒரு முதலாளிக்குக் காலமெல்லாம் கார் ஓட்டிவிட்டு, கடைசியில் அவர் கொடுத்த பழைய காரோடு ஊர் திரும்பியவர் பலவேசம். ஊரில் கைப்பிடி நிலம் கிடையாது. அந்தக் கார்தான் பிழைப்பு. சாரல் சீசனில் தென்காசி ரயிலடியிலிருந்து குற்றாலத்துக்கு ஆள் ஏற்றினால் வருஷம் முழுக்க அடுப்பு எரியும். அதற்கு இலங்கை நம்பரைக் கழற்றிவிட்டு இங்கத்து நம்பர் வாங்க வேண்டும். பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியை ஓட்டிப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். வைகாசிக் கடைசியில் அவர் தென்காசிக்கு வருவதாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கடையத்தில் பலவேசத்தின் சித்தி செத்துப்போனாள். வண்டியைச் சோதனை நடக்கும் மைதானத்தில் கொண்டுவந்து நிறுத்தும் பொறுப்பை மச்சினன் குத்தாலிங்கத்திடம் விட்டுவிட்டுப் போனார். குத்தாலிங்கத்துக்குத் தெரியாத ஆபீஸ் கிடையாது; அவனைத் தெரிந்த ஆபீஸ்தான் கிடையாது. ரோட்டோரத்து மைல்கல்லைப் பிடுங்கிவிட்டுக் கிலோமீட்டர் கல் நட்டுக்கொண்டிருந்த காலம் அது. காரின் ஸ்பீடாமீட்டர் மைல் கணக்கில் இருந்ததைப் பார்த்ததும், இதை இன்ஸ்பெக்டர் தள்ளிவிடுவார் என்று அவனுக்கு மூளை வேலை செய்துவிட்டது. வில்வண்டிக்கு வர்ணம் அடிக்கும் உச்சிமாகாளியைக் கூட்டிவந்து, கண்ணாடியைக் கழற்றி, மீட்டரில் கிலோமீட்டர் எண்களை எழுதவைத்தான். வில்வண்டிப் பழக்கத்தில் உச்சிமாகாளி நட்டநடுவில் சிவப்பாக ஒரு தாமரையும் போட்டுவிட்டான்.

கடையத்திலிருந்து பஸ்ஸில் நேரே மைதானத்துக்கு வந்த பலவேசம், இன்ஸ்பெக்டர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தபிறகுதான் அந்தத் தாமரையைப் பார்த்தார். வாயைத் திறக்குமுன் வண்டி குற்றாலம் ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. முள் பெயின்டில் ஒட்டிக்கொண்டு அசையவே இல்லை. இன்ஸ்பெக்டர் ஓரங்கட்டினார். மைலிலேயே இருந்திருக்கலாம், முள் உள்ள வேகத்தைக் காட்டினால் போதும், இந்தப் பூவை யார் போடச் சொன்னது என்று கேட்டார். வேறு மீட்டர் மாட்டிக் கொண்டுவரச் சொல்லி அனுப்பிவிட்டார். அந்தக் காருக்கு மீட்டர் மெட்ராஸில்கூடக் கிடைக்கவில்லை. கொழும்பிலிருந்து வந்து சேர்வதற்குள் சீசன் முடிந்துவிடும்.

"நல்லதுக்குத்தான செஞ்சேன் அத்தான்," என்றான் குத்தாலிங்கம்.

அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் பலவேசத்துக்குக் கோபம் மூக்குக்கு மேல் ஏறியது. தெரியாமல் செய்துவிட்டேன் என்றிருந்தால்கூட ஆறியிருக்கும். ஒரு வருஷச் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டு நல்லதாம்.

ஆனியில் சாரல் வந்தது. கூட்டமும் வந்தது. சொந்தக் கார் புளியமரத்தடியில் நனைந்துகொண்டு நிற்க, பலவேசம் அடுத்தவன் டாக்சிக்குக் கூலி டிரைவராகப் போனார். ஒருநாள் காலையில் அவர் கிளம்பும்போது குத்தாலிங்கம் வெள்ளையும் சொள்ளையுமாகச் சம்பந்தக்காரர்களோடு வந்து நின்றான்.

"அருவி வரைக்கும் ஒரு நடை விட்டுருங்க அத்தான். நம்ம ஆளுகதான, எவன் கேக்கப்போறான்?"

பலவேசம் புளியமரத்தடியில் நின்ற காரின் கதவைத் திறந்து எல்லோரையும் பாந்தமாக உட்காரவைத்தார். குத்தாலிங்கத்தை முன்சீட்டில், மீட்டருக்கு நேராக உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார்.

"அந்த முள்ளு நகருதான்னு பாத்துக்கிட்டே இருலே. நகந்தா சொல்லி அனுப்பு, வந்து ஓட்டுதேன்."

சொல்லிவிட்டுத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு தென்காசி பஸ்ஸுக்கு நடந்தார். மூக்கம்மாள் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பியை வீட்டுக்குள் வா என்று அவள் கூப்பிடவில்லை.