மூன்று சாரலும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்

அறுபதுகளின் தொடக்கம். கல்யாணமாகி மேலகரத்தில் நாங்கள் குடிவந்து மூன்று சாரல் காலம் போய்விட்டது. ஒரு தடவைகூட என் மனைவி குற்றால அருவியில் குளித்ததில்லை. நடந்தே போய்விடும் தூரம்தான். ஆனால் சாரல் தொடங்கிவிட்டால் எங்கள் வீட்டுக்கு விருந்தாள் வராத நாள் கிடையாது. குளித்துவிட்டு வருகிறவர்களுக்கு அகோரப் பசி எடுக்கும். அவர்கள் அருவிக்குக் கிளம்பும்போது அவள் ஆட்டுரல் முன்னால் உட்காருவாள். திரும்பும்போது தோசைக்கல் முன்னால் இருப்பாள்.

நானோ தென்காசி வாசகசாலையில், வீட்டு வேலையில் ஆணுக்கும் பாதிப் பங்கு உண்டு என்று மேஜையைத் தட்டிப் பேசிக்கொண்டிருந்தேன். அது எப்படியோ அவள் காதுக்கும் எட்டிவிட்டது. "நல்லாப் பேசினீங்களாமே" என்று மட்டும் சொல்லிவிட்டு என் வேட்டியைத் துவைக்க எடுத்துப் போனாள். எனக்கு மானமே போயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுப் பெண்களோடு அவள் அருவிக்குப் போவதென்று முடிவாயிற்று. தலைக்கு எண்ணெய் வைத்து, மாற்றுச் சேலையைச் சுருட்டிக்கொண்டு படியிறங்கினாள். அந்த நேரம் பார்த்து ஒரு குதிரைவண்டி வந்து நின்றது. வாசுதேவநல்லூரிலிருந்து என் அண்ணாச்சி, நான்கு பிள்ளைகளோடு. அவள் சேலையை உள்ளே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

அண்ணாச்சிக்கு எதிரே நான் உட்கார்ந்து பேசியதுகூடக் கிடையாது. அன்றைக்கு அவர் முன்னாலேயே அவளிடம் எப்படியோ சொல்லிவிட்டேன்.

"நீ போ. இன்னைக்குச் சமையல் நான் பண்ணுதேன்."

அண்ணாச்சி என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏலே, ஒனக்கு அடுப்புப் பத்த வைக்கத் தெரியுமாலே?"

தெரியாதுதான். தயங்கி நின்றவளைக் கையைப் பிடித்து வாசல்வரை கொண்டுபோய் விட்டேன்.

சோறு குழைந்தது, சாம்பார் அடிப்பிடித்தது. பிள்ளைகளோடு குளித்துவிட்டு வந்த அண்ணாச்சி என்னைத் திட்டிக்கொண்டே இரண்டு தரம் சோறு கேட்டு வாங்கினார். நல்ல மனுஷர்.

ஈரத் தலையோடு அவள் வந்ததும் மிச்சமிருந்ததைப் பரிமாறினேன். எப்படி இருந்தது என்று கேட்டேன். குழைந்த சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்.

"தண்ணி தலையில விழும்போது, ஆருக்கு என்ன வேணுங்கிற நெனப்பே வரல. கல்யாணத்துக்கப்புறம் இன்னைக்குத்தான் அப்படி."